இரண்டு பேர் வேலை

தீபாவளி நெருங்கும்போதெல்லாம் அதிரசத்துக்கு இரங்கற்பா பாடும் கட்டுரை ஒன்று எங்கேனும் வந்துவிடுகிறது. எழுதுபவர் பெரும்பாலும் என் வயதை ஒத்த ஆணாக இருப்பார். அம்மாவின் கைமணம், பித்தளை அண்டா, வாழையிலையில் தட்டிய வட்டங்கள் எல்லாம் வரிசையாக வரும். இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்ற தீர்ப்பும் கடைசியில் வந்து சேரும். மாவைக் கிளற அவர் ஏன் ஒருநாளும் எழுந்து போகவில்லை என்பது மட்டும் அந்தக் கட்டுரையில் இராது. இதைக் கேட்கும் தகுதி எனக்கும் கிடையாது. நாற்பத்து மூன்று வயது வரை நானும் போனவனல்லன்.

எங்கள் ஊர் கடத்தூர். சுற்றிலும் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுகிற ஆலைகள். ஊருக்குள் வெல்ல மண்டி. கொப்பரையில் சாறு கொதிக்கும் வாசனையில் வளர்ந்தவன் நான். இருந்தும் வெல்லம் எந்த நொடியில் பாகாகிறது என்பது எனக்குத் தெரியாது. ‘பதம்’ என்ற சொல்லை வகுப்பில் இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். நன்னூலில் பதவியல் என்று ஓர் இயலே உண்டு. பகுபதம், பகாப்பதம் என்று கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுவேன். அடுப்படியில் அதே சொல்லுக்கு இருக்கும் பொருளை அக்காதான் கற்றுக்கொடுத்தாள்.

அம்மா 2022 ஆவணியில் இறந்தார். அந்தத் தீபாவளி எங்களுக்கு இல்லை. வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. மறு ஆண்டு, பண்டிகைக்கு நான்கு நாள் இருக்கும்போது அக்கா வந்தாள். வந்தவள் பையைக்கூட இறக்காமல், “அரிசி ஊறவெச்சியாடா?” என்றாள். விளையாட்டாகக் கேட்கிறாள் என்றே நினைத்தேன்.

சமைத்துப் பாராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வெள்ளைத் துணியில் நிழலிலேயே உலர்த்த வேண்டும். முழுக்கக் காயவிடக் கூடாது. கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் அரிசி விரலில் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தோடு இடித்துச் சலிக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் எங்கள் வீட்டுக் கணக்கு. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிக் காய்ச்சும்போது ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. திரட்டி எடுத்து உருட்டினால் இளக்கமான உருண்டையாக நிற்க வேண்டும். கிண்ணத்தில் போட்டதும் ‘டங்’ என்று ஒலித்தால் கமர்கட்டுதான் செய்யலாம். சர்க்கரைப் பாகின் இந்த நிலையை வெப்பமானி கொண்டு 112 முதல் 116 பாகை செல்சியஸ் என்று அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கு அந்தக் கிண்ணமும் இரண்டு விரல்களும் போதும். சீனி கலந்த வெல்லமாக இருந்தால் அவற்றையும் நம்ப முடியாது. நிறம் அடர்ந்த பழைய வெல்லமே அவள் கேட்பது. பளீரென்ற மஞ்சள் வெல்லத்தை அவள் தொடமாட்டாள்.

பதம் வந்துவிட்டால் பிறகு யாருக்காகவும் பாகு காத்திருக்காது. உடனே இறக்கி, ஏலப்பொடியும் சுக்கும் எள்ளும் போட்டு, ஒருவர் மாவைத் தூவத் தூவ மற்றவர் கைவிடாமல் கிளற வேண்டும். இது இரண்டு பேர் வேலை. தனியாளாகச் செய்கிறவர்களும் உண்டு. அம்மா தம் கடைசி ஆண்டுகளில் அப்படித்தான் செய்தார். ஒரு கை தூவும், ஒரு கை கிளறும், பிடிக்க ஆளின்றிப் பிரிமணை மேல் சட்டி தானும் சேர்ந்து சுற்றும். அந்த ஓசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

பத்து வயது முதல் அம்மாவுக்கு மாவு தூவியவள் அக்கா. 1996இல் திருமணமாகிப் போனபின் அவள் இடம் காலியாகவே கிடந்தது. அந்த இடம் எனக்கும் உரியதாக இருக்கலாம் என்று அம்மாவும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

ஆணுக்குச் சமையல் வராது என்பது நம் மரபும் அல்ல. பெரும்பாணாற்றுப்படையிலும் மதுரைக்காஞ்சியிலும் வரும் கூவியர் அப்பம் விற்றுப் பிழைத்தவர்கள். திருமலைக் கோயிலின் விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் அதிரசப்படி என்று தனிப் படையலே குறிக்கப்படுகிறது. மடைப்பள்ளியில் அதைச் சுட்டவர்கள் ஆண்கள்தாம். நளபாகம், பீமபாகம் என்று கைப்பக்குவத்துக்கு ஆண்களின் பெயரையே சூட்டியிருக்கிறோம். ஆக, கூலிக்கோ கோயிலுக்கோ என்றால் ஆண் சமைக்கலாம். வீட்டுக்கு என்றால் மட்டும் குறுந்தொகையின் கூடலூர் கிழார் காட்டும் புதுமனைவி நினைவுக்கு வந்துவிடுகிறாள். புகை கண்ணைக் கரிக்க அவள் சமைக்கிறாள், கணவன் உண்டு இனிது என்கிறான். அழகான பாட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அண்ணன் தங்கையோ அக்கா தம்பியோ ஒரே அடுப்பின் முன் நிற்கும் காட்சி நம் அகப்பாட்டில் எனக்குத் தட்டுப்பட்டதில்லை.

உடன்பிறந்தாளுக்கு நாம் செய்வதெல்லாம் சீர். பொங்கலுக்கு அரிசி, வெல்லம், சேலை. குழந்தை பிறந்தால் ஒரு வரிசை, காது குத்தினால் ஒரு வரிசை. கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம், கூட இருக்க வேண்டியதில்லை. இந்தச் சீரின் கணக்கு கடைசியில் எங்கே போய் முடிகிறது என்பது நம் கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். பாட்டன் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 முதல் சட்டம். அதற்கு முன்பே மணமாகியிருந்த பெண்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த விலக்கை வைக்கவில்லை. சட்டம் வந்தபின் விடுதலைப் பத்திரம் என்ற ஒன்றும் வழக்கமாகிவிட்டது. நகை போட்டோம், சீர் செய்தோம், கையெழுத்துப் போடு என்பார்கள்.

நானும் பத்திரம் எழுதுபவரிடம் பேசி வைத்திருந்தேன். அக்கா பண்டிகைக்கு வரும்போது முடித்துவிடலாம் என்பது என் திட்டம். அவளுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. நான் மாவு தூவ, அவள் கிளற, பாதிச் சட்டி ஆகியிருந்தபோது தலை நிமிராமல் சொன்னாள்: “கையெழுத்து வேணுமாமே. மாவு கையோட எப்படிடா போடறது?” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். என் கை நின்றுவிட்டது. “தூவு, கட்டி தட்டிரும்” என்று அதட்டினாள். அன்று அவ்வளவுதான் பேச்சு.

மாவின் மேல் நெய் தடவி, துணி கட்டி இரண்டு நாள் வைத்திருந்தோம். அந்த இரண்டு நாளில் பேசினோம். தேங்காய் துருவும்போதும் பாத்திரம் துலக்கும்போதும். அம்மாவின் மருத்துவச் செலவுக்கு அவள் வளையல் அடகுக்குப் போனது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நேருக்கு நேர் அமர்ந்து இதையெல்லாம் பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும். இரண்டு பேர் கண்ணும் ஒரே சட்டியின் மேல் இருக்கும்போது சில கேள்விகளைக் கேட்டுவிட முடிகிறது.

முதல் அதிரசம் எண்ணெயில் பிரிந்து போயிற்று. பாகு இளகிவிட்டது என்று அக்கா என்னைப் பார்த்தாள். கிண்ணத்தில் உருட்டிப் பார்த்தவன் நான். எடுத்து வைத்திருந்த அரிசி மாவில் ஒரு கைப்பிடி சேர்த்துப் பிசைந்தபின் இரண்டாவது தாங்கியது.

நிலம் இப்போது இருவர் பெயரிலும் இருக்கிறது. இதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் பங்கு அவளுக்கு. ஊரில் சிலர் என்னை ஏமாளி என்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கு அரிசி ஊறவைக்கும் பொறுப்பை அக்கா தன் மகனிடம் விட்டிருக்கிறாள். பொறியியல் படிக்கும் பிள்ளை. “எவ்வளவு நேரம் மாமா உலர்த்தணும்?” என்று தொலைபேசியில் கேட்டான். கையில் பிடித்துப் பார் என்றேன். அது எப்படித் தெரியும் என்றான். அம்மாவைக் கூப்பிடு என்றேன்.