புயலும் பெயரும்

ஐப்பசி பிறந்துவிட்டால், ஊரை விட்டு வந்து வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு காது எப்போதும் தெற்கு நோக்கியே இருக்கும். வங்கக் கடலில் தாழ்வழுத்த மண்டலம் என்று செய்தியில் கேட்டதுமே கடலூருக்கும் நாகைக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்கிவிடுகிறோம். புயல் எவ்வாறு பிறக்கின்றது, அதற்குப் பெயரிடுபவர் யார் என்று அருகிருந்து குழந்தைகள் கேட்கின்றனர்.

கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 டிகிரிக்குக் குறையாத வெப்பத்துடன் இருத்தல் வேண்டும். அந்நீரிலிருந்து எழும் ஆவி உயரே சென்று மேகமாகுங்கால், தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடுகின்றது. புயலுக்கு அடுப்பு இதுவே. சூடேறிய காற்று மேலெழக் கீழே அழுத்தம் குறைகின்றது. அவ்விடம் நோக்கி நாற்றிசைக் காற்றும் விரைகின்றது. பூமியின் சுழற்சி அதனை வளைத்துவிடுவதால், நம் வடகோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுற்றுகின்றது. பூமத்திய ரேகையை ஒட்டி இவ்வளைவு மிகச் சொற்பம். ஆதலின் அங்கே புயல் பிறப்பது அரிது. இச்சுழற்சியைக் கருதியே 'சைக்ளோன்' என்ற சொல்லை ஆக்கியவர், சென்ற நூற்றாண்டுக்கும் முற்பட்ட நூற்றாண்டில் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். பாம்பின் சுருளை மனத்திற்கொண்டு அமைத்த சொல் அது. கல்கத்தா வாசகர்கள் சற்றே பெருமை கொள்ளலாம்!

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலுக்குப் பெயர் கிடையாது. நம் கடல்களில் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் தொடங்கிற்று. அன்று 8 நாடுகள் பெயர்களை அளித்தன. 2020இல் வெளியான பட்டியலில் 13 நாடுகள், நாட்டுக்குப் 13 வீதம், 169 பெயர்களைத் தந்துள்ளன. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டியதும் டில்லி வானிலை மையம் வரிசைப்படி பெயரை அறிவிக்கும். 2016இல் சென்னையைத் தாக்கிய 'வர்தா' பாகிஸ்தான் தந்த பெயர். 2018இன் 'கஜா' இலங்கை தந்தது. இந்தியா அளித்தவற்றுள் 'முரசு' என்னும் நம் சொல்லும் உண்டு.

பெயரைக் காட்டிலும் அறிய வேண்டுவது புயலின் கண். சுழலின் நடுவே காற்றும் மழையும் ஏறக்குறைய ஓய்ந்த வட்டம் அது. அது கடந்ததும், முன்பு வீசியதற்கு எதிர்த்திசையிலிருந்து அதே கடுமையுடன் காற்று வரும். என் சிற்றப்பா ஒருவர், புயல் நின்றதென நம்பி மாட்டை அவிழ்க்கக் கொல்லைக்குச் சென்றார்; எதிர்க்காற்றில் முருங்கை முறிந்து விழ, காலொடிந்து ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். அடுத்த முறை ஊருக்குப் பேசும்போது, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டவுடன் இதனையும் சொல்லிவையுங்கள்: காற்று திடீரென அடங்கினால், புயல் கடந்துவிட்டதென வானொலி அறிவிக்கும்வரை வாசற்படி தாண்ட வேண்டாம்.