தீவுகளின் தண்ணீரை யார் பங்கிடுவது?

1858இல் கைதிகளைக் கொண்டுவந்து அந்தமானில் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஆங்கிலேயர் முதலில் தேர்ந்த இடங்களுள் ஒன்று சாத்தம் தீவு. அங்கே நன்னீர் போதாது என்று கண்டதும் தலைமையிடத்தை ராஸ் தீவுக்கு மாற்றிக்கொண்டனர். 1883இல் அதே சாத்தத்தில் அரசு மர ஆலை எழுந்தது. அந்த ஆலையிலும் துறைமுகத்திலும் உழைக்க வந்த தமிழர், வங்காளியர், ராஞ்சி ஆதிவாசி மக்கள் ஆகியோருக்குத் தண்ணீர் இல்லையென்று இடம்பெயரும் வசதி என்றுமே வாய்த்ததில்லை.

இத்தீவுகளில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரியைப் போல் மூன்று மடங்கு. ஆயினும் கோடையில் தலைநகரின் உழைப்பாளர் குடியிருப்புகளில் சில நாட்களுக்கு ஒருமுறைதான் குழாயில் நீர் வருகிறது. சரிவான நிலம், குறுகிய ஓடைகள்; பெய்த மழை விரைவில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. நகரத்தின் முதன்மை ஆதாரம் 1973இல் கட்டப்பட்ட தனிகாரி அணை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்கள் நீண்டாலோ, தென்மேற்குப் பருவமழை சில வாரம் பிந்தினாலோ அணையின் நீர்மட்டம் சரிகிறது. 2024இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. குழாய்க்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை.

பருவநிலை மாற்றம் இந்த நெருக்கடியைக் கூட்டுகிறது. மழை சில நாட்களில் கொட்டித் தீர்ப்பதும், இடைவெளி நீள்வதும், கடல்மட்டம் உயர்வதும் சிறு தீவுகளின் மெல்லிய நிலத்தடி நீரைத்தான் முதலில் தாக்கும். 2004 ஆழிப்பேரலையின்போது தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட்டின் வயல்களைக் கடல்நீர் கொண்டது. உப்பு ஏறிய மண்ணும் கிணறும் எப்படியிருக்கும் என்பதை அம்மக்கள் அறிவார்கள். காடும் இதனோடு பிணைந்ததே. சாத்தம் ஆலைக்குப் பல பத்தாண்டுகள் வந்து சேர்ந்த மரங்கள் ஓடைகளின் தலைமாட்டில் நின்றவை. சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையையொட்டி 2002 மே மாதம் உச்சநீதிமன்றம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது நீருக்கும் கிடைத்த பாதுகாப்பாகும்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் இத்தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. நாடாளுமன்றத்தில் ஒரே ஓர் உறுப்பினர். 240ஆவது பிரிவின்கீழ்க் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குவிதிகளே, அதாவது ஒன்றிய அமைச்சரவையின் விருப்பமே, இங்கே சட்டம். தேசிய நீர்க்கொள்கை குடிநீருக்கு முன்னுரிமை என்கிறது. ஆனால் கொள்கையைக் காட்டி எந்தக் குடிமகனும் ஒரு குடம் நீர் பெற இயலாது. ‘ஒதுக்கீடு’ என்று அரசு ஆவணங்கள் எழுதுகின்றன. மொழிபெயர்க்கையில் ‘பங்கீடு’ என்று எழுதவே கை போகிறது. ஆனால் பங்கிடும் அவையில் மக்களுக்கு இருக்கை இல்லாதவரை அரசின் சொல்தான் பொருத்தம்.

இதன் விளைவைப் பெரிய நிக்கோபாரில் காண்கிறோம். சுமார் 8,000 பேர் வாழ்ந்த தீவில், 72,000 கோடி ரூபாய் திட்டத்தின் பெயரால் மூன்றரை லட்சம் பேருக்கு நகரம் அமைக்கப்போகிறார்களாம். கலாத்தியா விரிகுடாவில் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம், விமான நிலையம், மின் நிலையம், இவற்றுக்காக 130.75 சதுர கிலோமீட்டர் காடு பலியிடப்படுகிறது. ஷோம்பென் மக்கள் நம்பி வாழும் ஆறுகளும் ஓடைகளும் அந்தக் காட்டிலிருந்தே வருகின்றன. வளர்ச்சி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. தலைநகரின் இன்றைய மக்களுக்கே கோடையில் நீர் தர முடியாத நிர்வாகம், மற்றொரு தீவில் எவருடைய நீரை எடுத்து எவருக்குக் கொடுக்கப்போகிறது என்று கேட்கிறோம்.

1966இல் நிலத்துக்கும், 1994இல் ஊராட்சிகளுக்கும் நகராட்சிக்கும் இதே வகையில் ஒழுங்குவிதிகள் வந்தன. தண்ணீர்ப் பங்கீட்டுக்கும் ஒன்று வருவதற்கு அரசியல் சட்டத்தில் தடையேதும் இல்லை. குடிநீர், வேளாண்மை, ஓடைகளின் உயிரோட்டம், அதற்குப் பின்னரே விடுதிகளும் தொழில்களும் என்ற வரிசை அதில் சட்டமாக வேண்டும். வறட்சி மாதங்களில் வெட்டு எங்கே தொடங்க வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும். அது உல்லாச விடுதியின் நீச்சல் குளத்தில் தொடங்கட்டும். பன்னிரண்டாம் அட்டவணை குடிநீர் வழங்கலை நகராட்சிகளின் பணிகளுள் வைத்திருக்கிறது. அதற்கான நிதியும் அதிகாரமும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்திடம் வர வேண்டும். அணையில் எவ்வளவு நீர், அது எந்தப் பகுதிக்கு எவ்வளவு போயிற்று என்ற கணக்கை வாரந்தோறும் இந்தி, வங்கம், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட தீவு மக்களின் மொழிகளில் வெளியிட வேண்டும்.

சாத்தம், ஹாடோ பகுதித் தோழர்கள் இக்கோரிக்கைகளை வீடுதோறும் எடுத்துச்சென்று, எந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது என்பதையும் கூடவே பதிவுசெய்து வர வேண்டும். அடுத்த கோடைக்கு முன் அந்தப் பதிவேடு துணைநிலை ஆளுநரின் மேசைக்குப் போய்ச் சேரட்டும்.