அரை டிக்கெட்

1873-ஆம் ஆண்டு. வட இந்தியாவில் ஒரு பெரிய நிலையத்தில் ரயில் நிற்கிறது. டிக்கெட் பரிசோதகர் அரை டிக்கெட்டையும் அதற்குரிய பையனையும் மாறி மாறிப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போய் இன்னொருவரைக் கூட்டி வருகிறார். கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டரே வந்துவிடுகிறார். பையனுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிடவில்லையா? ஆகவில்லை என்கிறார் தந்தை. பையன் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தான். முழுக் கட்டணம் கேட்கிறார்கள். தந்தையின் கண்கள் சிவக்கின்றன. பெட்டியைத் திறந்து பணத்தை எடுத்து நீட்டுகிறார். மீதிச் சில்லறை கைக்கு வந்ததும் அதைப் பிளாட்பாரத்தில் வீசி எறிகிறார். காசுகள் கல்தளத்தில் கலகலவென்று சிதறுகின்றன.

தந்தை தேவேந்திரநாத் தாகூர். பையன் ரவீந்திரநாத், வயது 11.

நம்மில் பலருக்கு இந்தக் காட்சி தலைகீழாகத்தான் வாய்த்தது. ‘யார் கேட்டாலும் பதினொண்ணுன்னு சொல்லணும், தெரிஞ்சுதா?’ என்று ரயில் ஏறுமுன் காதோடு பாடம் சொன்ன அப்பாக்கள் எத்தனை பேர்! அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாதச் சம்பளத்தில் ஐந்து டிக்கெட் எடுத்தவர்கள் அவர்கள். ஆனால் கறுப்புக் கோட்டு நெருங்கும்போது அப்பாவின் முகம் எப்படி மாறியது என்பதை நாம் யாரும் மறக்கவில்லை. வீட்டில் அப்பா என்பது ஒரு பதவி. வெளியூரில், அந்நியர் முன்னால், அந்தப் பதவி செல்லாது. அங்கேதான் பிள்ளை அவரை ஒரு மனிதராக முதன்முதலில் பார்க்கிறது.

தாகூர் குடும்பத்தின் ஜோராசங்கோ மாளிகையில் தேவேந்திரநாத் இருந்த நாட்களைவிட இல்லாத நாட்களே அதிகம். அவர் வந்து தங்கினால் வீடே குரல் தாழ்த்தி நடக்கும். கடைக்குட்டிப் பிள்ளை வளர்ந்தது வேலைக்காரர்கள் கையில். அவர்களில் ஒருவன் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்தி உட்கார வைப்பானாம். பூணூல் கலியாணத்துக்காக மொட்டையடித்த தலையோடு பள்ளிக்கூடம் போனால் கேலி செய்வார்களே என்று பையன் தவித்துக்கொண்டிருந்தபோதுதான், இமயமலைக்கு என்னோடு வருகிறாயா என்று தந்தை கேட்டார்.

முதல் தங்கல் போல்பூருக்கு அருகே சாந்திநிகேதன். அங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் எனக்கு எந்தக் கல்விக் கொள்கையையும்விடப் பெரிதாகப் படுகின்றன. சில்லறைக் காசைப் பிள்ளையிடம் கொடுத்துக் கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். தன் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். பையன் கொடுத்த சாவியின் வேகத்தில் கடிகாரம் பழுதாகி கல்கத்தாவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று! மழை அரித்த செம்மண் பள்ளங்களில் திரிந்த சிறுவன் ஒரு ஊற்றைக் கண்டுபிடித்து ஓடிவந்து சொன்னபோது, இனி நமக்குக் குடிதண்ணீர் அங்கிருந்தே வரட்டும் என்று உத்தரவிட்டார். தான் கண்டதைப் பெரியவர் ஒருவர் அருந்துகிறார் என்ற பெருமிதத்தை வேறு எந்தப் பரிசு தந்துவிடும்?

அமிர்தசரஸில் பொற்கோயிலுக்குக் கூட்டிப்போனார். ஊரே மரியாதை செய்யும் பிரம்ம சமாஜத் தலைவர், சீக்கியர் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து பாடினார். இமயத்து டல்ஹௌசியிலோ விடியுமுன் எழுப்பி சமஸ்கிருதம், உறையவைக்கும் தண்ணீரில் குளியல், இரவில் நட்சத்திரப் பாடம். ஆனால் பகலில் மலைச்சரிவில் கோலோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், தடையில்லை. வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இது! அந்த நட்சத்திரங்கள் வீணாகவில்லை. 1937-இல், எழுபத்தாறு வயதில், ‘விஸ்வ பரிசய்’ என்ற அறிவியல் நூலை எழுதியபோது அந்த மலை இரவுகளைத்தான் நினைவுகூர்ந்தார் கவிஞர்.

அந்த இமயப் பயணத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1871-இல், நம் பக்கத்தில் இன்னொரு தந்தையும் மகனும் மாயூரம் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே மாளிகையும் இல்லை, தங்கக் கடிகாரமும் இல்லை. வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். அரியலூர்ச் சீமையின் ஊர்களில் இராமாயணக் கதை சொல்லி, மிராசுதார்களும் ரெட்டியார்களும் கொடுப்பதில் குடும்பம் நடத்தியவர். மகன் சங்கீதத்தில் தேற வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ தமிழ்ப் பித்து. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று அந்தக் குடும்பம் இடம் மாறிய பாதையைப் பார்த்தால், அடுத்த தமிழாசிரியர் எங்கே இருக்கிறார் என்பதே அதன் திசைகாட்டியாகத் தெரிகிறது. ஒவ்வொரு ஊரிலும் தந்தை யாரோ ஒருவர் முன்னால் போய், என் பையனுக்குப் பாடம் சொல்லுங்கள் என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தன் ஆசைக்கு எதிரான ஒன்றை மகனுக்காகக் கேட்ட தகப்பனின் குரல் அது. தேவேந்திரநாத்தின் கோபத்தைவிட இது எனக்குக் கனமாக இருக்கிறது.

எல்லாப் பயணமும் இப்படி முடிவதில்லை. லியோபோல்ட் மோட்சார்ட் தன் மகளையும் ஏழு வயது மகன் வுல்ஃப்காங்கையும் 1763-இல் ஊர் ஊராக அழைத்துப் புறப்பட்டவர், சால்ஸ்பர்க் திரும்பியது 1766 நவம்பரில். அரண்மனை அரண்மனையாக வாசித்தார்கள், கொடிய காய்ச்சலில் விழுந்து பிழைத்தார்கள். பிள்ளை இசை கற்றது உண்மை. ஆனால் தந்தையால் கடைசிவரை கையை விட முடியவில்லை. மகன் இருபது தாண்டி வேறு ஊருக்குப் போன பிறகும் கடிதங்களிலேயே அவனை ஓட்டிக்கொண்டிருந்தார். அக்காள் நானெர்ல் பெண்ணாக வளர்ந்ததும் வீட்டில் நிறுத்தப்பட்டாள். 1769-இல் இத்தாலிக்கு ஆண்பிள்ளை மட்டும்தான். ஜோராசங்கோவிலிருந்து அந்த இமயப் பயணத்துக்கும் எந்த மகளும் அழைத்துச் செல்லப்படவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது.

வேங்கடசுப்பையர் கையை விட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பினார். மாயூரத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியிடம் மகன் சங்கீதமும் கற்கட்டும் என்ற ஏற்பாட்டில் அவருடைய பழைய ஆசை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிள்ளையவர்களுக்கு அது பிடிக்கவில்லை. சங்கீதப் பாடம் நின்றுபோயிற்று.

அந்த மகன்தான் உ.வே.சாமிநாதையர். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தவர், அதன் பிறகும் பல்லாண்டுகள் ஏடு தேடி ஊர் ஊராகப் போனார். முன்பின் தெரியாத ஊரில் இறங்க வேண்டும். யார் வீட்டுத் திண்ணையில் முதலில் உட்காருவது, எந்தப் பேச்சில் ஆரம்பித்து எப்போது சுவடியைப் பற்றிக் கேட்பது, இல்லை என்று சொன்னால் முகம் கோணாமல் எப்படி எழுந்து அடுத்த வீட்டுக்கு நடப்பது? இந்தப் பாடத்தைப் பிள்ளையவர்கள் நடத்தியிருக்க முடியாது. கார்குடிக்கும் செங்கணத்துக்கும் போன வழியில், தகப்பனாருக்கு இரண்டடி பின்னால் நடந்து கற்றது அது.