ஐயமும் ஆட்டமும்

காஞ்சி மாநகரை அடுத்து, வாலாஜாபாத்திற்குச் செல்லும் வழியில் ஐயம்பேட்டை என்னும் நெசவூர் உள்ளது. பட்டு நெய்தல் அங்கு வழிவழியாக நடந்துவரும் தொழில். வீட்டுக்குள் குழித்தறி, வெளியே பாவு விரிப்பதற்கு நீண்ட தெரு. மழை பிடித்துக்கொண்டால் தறிக்குழியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு விரிக்கவும் இயலாது. நெசவாளர்க்கு அது வருவாய் குன்றும் காலம். சிறுவர்க்கோ ஒரே கூரையின்கீழ்க் கூடியிருக்கும் காலம். ஓடிப்பிடித்து ஆட இடமில்லாத இத்தகைய நாள்களுக்கு ஏற்றவை திண்ணையில் அமர்ந்து ஆடும் ஆட்டங்களே. அவற்றுள் ஒருவகையைப் பற்றி மட்டும் இங்குக் கூற விழைகிறேன். ஒருவர் ஒன்றை மறைக்க, மற்றவர் பேச்சைக் கேட்டும் நடத்தையை நோக்கியும் அதனைக் கண்டுபிடிக்கும் ஆட்டங்கள் அவை. ஊரின் பெயரில் ‘ஐயம்’ ஒலிப்பது வெறும் ஒலியொற்றுமை. எனினும் நாம் பேசப்போகும் பொருளுக்கு அது நன்கு பொருந்தி வந்துள்ளது.

தமிழ்நாட்டுச் சிறுமியர் நெடுங்காலமாக ஆடிவரும் பூப்பெயர் ஆட்டத்தை நீங்கள் அறிவீர்கள். இரு கட்சியார் எதிரெதிரே அமர்வர். ஒவ்வொரு தலைவியும் தன் கட்சியாரின் காதில் மல்லிகை, தாமரை, செவ்வந்தி என ஆளுக்கொரு பூவின் பெயரை ஓதுவாள். பின்னர் எதிர்க்கட்சியாள் ஒருத்தியின் கண்களைப் பொத்திக்கொண்டு, தன் பூக்களுள் ஒன்றை அழைப்பாள். அழைக்கப்பட்டவள் அடிமேல் அடிவைத்து வந்து, கண் பொத்தப்பட்டவளின் நெற்றியில் மெல்லத் தட்டிவிட்டுத் தன் இடத்திற்குத் திரும்புவாள். கண் திறந்ததும், தட்டியவள் யார் என்று சொல்ல வேண்டும். எதிரே அமர்ந்திருப்போர் அனைவரும் ஒன்றுமறியாதவர்போல் தலை குனிந்திருப்பர். வளையல் ஓசை எப்பக்கம் தேய்ந்தது? எவள் சிரிப்பை விழுங்குகிறாள்? நெற்றியில் பட்ட விரல் மெல்லியதா, முரடானதா? இவற்றையெல்லாம் ஒரு நொடியில் சேர்த்தெண்ண வேண்டும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் குழூஉக்குறி என இலக்கண வகுப்பில் படித்தீர்கள் அல்லவா? அச்சிறுமியர் தம்மை அறியாமலே அவ்விலக்கணத்தை ஆடிக் காட்டுகின்றனர்.

ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் எனச் சீட்டெழுதிக் குலுக்கிப் போடும் ஆட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அதனை நான் உயர்வாக மதிப்பதில்லை. அதில் பேச்சுக்கு இடமில்லை. போலீஸ் சீட்டை எடுத்தவன் எதிரிலிருப்போர் முகங்களைப் பார்த்துக் குருட்டாம்போக்கில் ஒருவனைச் சுட்டுகிறான், அவ்வளவே.

பேச்சுக்கு முதன்மை தரும் சொல்லாட்டம் ஒன்று இக்காலத்தில் பல நாடுகளிலும் ஆடப்படுகிறது. அறுவர் கூடியிருப்பதாகக் கொள்வோம். நடுவர் ஐவருக்கு ஒரு சொல்லையும், ஒருவருக்கு மட்டும் அதனோடு நெருங்கிய வேறொரு சொல்லையும் சீட்டில் எழுதித் தருவார். ஒருவர் சீட்டை மற்றவர் பார்த்தல் கூடாது. ஒவ்வொருவரும் தம் சொல்லைப் பற்றி ஒரே ஒரு தொடர் கூற வேண்டும். இதிலுள்ள நுட்பம் யாதெனில், வேறு சொல் பெற்றவனுக்கும் தான் தனியன் என்பது தொடக்கத்தில் தெரியாது.

ஐயம்பேட்டைப் பிள்ளைகளுக்கு இவ்வாட்டத்தை நடத்துவதாயின், ஐவருக்குப் ‘பாவு’ என்றும் ஒருவனுக்கு ‘ஊடை’ என்றும் எழுதித் தரலாம். “இஃது இன்றேல் சேலை இல்லை” என்கிறான் முதற் சிறுவன். இரண்டுக்கும் பொருந்தும் பேச்சு அது, யார்க்கும் பயனில்லை. “தெரு நெடுகக் கண்டிருக்கிறேன்” என்கிறாள் அடுத்தவள். அந்நொடியே ஊடைக்காரன் உள்ளம் துணுக்குறும். ஊடையைத் தெருவில் விரிப்பார் இல்லையே! “நாடாவுக்குள் புகுந்து ஓடும்” என்று சொல்ல வாயெடுத்தவன் அதனை விழுங்கிவிட்டு, “அறுந்தால் அம்மா முடிச்சுப் போடுவார்” என்கிறான். அது பொய்யன்று, அவனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தோழர்க்கு விளங்கும் அளவும் மாற்றார்க்கு விளங்காத அளவும் அறிந்து பேசுதல் எளிதன்று. இலக்கணப் பயிற்சிகள் பல கற்பிக்கத் தவறும் சொற்சிக்கனத்தை இவ்வாட்டம் அரைமணி நேரத்தில் கற்பித்துவிடும் என்பது என் கருத்து. நடுவருக்கும் இதில் திறம் வேண்டும். ‘பாவு’, ‘பனங்காய்’ எனத் தொலைவான சொற்களைத் தந்தால் ஆட்டம் முதற்சுற்றிலேயே முடிந்துவிடும். ‘சேலை’, ‘புடவை’ எனத் தந்தாலோ என்றுமே முடியாது.

இவ்வினத்தில் உலகப் புகழ் பெற்றது ‘மாஃபியா’ என்னும் ஆட்டம். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமீத்ரி தவீதொவ் என்பார் 1986-இல் அதனை உருவாக்கினார். மறைந்திருக்கும் கயவர் சிலர் ‘இரவில்’ ஒருவரை வீழ்த்துவர். ‘பகலில்’ ஊரார் கூடிப் பேசி, கயவர் எனத் தாம் கருதும் ஒருவரை வாக்களித்து நீக்குவர். 1997-இல் அமெரிக்கரான ஆண்ட்ரு பிளாட்கின் அக்கயவரை ஓநாய் மனிதராக மாற்றியமைத்தார். ஊரார் பலர், கயவர் சிலர். ஆனால் அச்சிலர் ஒருவரையொருவர் அறிவர். பலரோ யாரையும் அறியார். ஆட்டம் முழுவதும் இவ்வொரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது.

இவ்வாட்டங்கள் பிள்ளைகளுக்குப் பொய்யும் ஐயுறவும் கற்பிக்கின்றன என்று பெரியோர் சிலர் குறை கூறுவர். பொய் என்னும் குறையை நான் ஏற்கவில்லை. கூத்தில் இராவணன் வேடம் கட்டியவன் சீதையைக் கவர்ந்தவன் ஆகான். எல்லாரும் ஒப்புக்கொண்ட விதிக்குள் நிகழும் மறைப்பு நடிப்பேயாகும். இரண்டாவது குறையை மட்டும் அவ்வாறு எளிதில் தள்ள முடியாது. ஆட்டத்தில் முதலில் ஐயத்திற்கு ஆளாகின்றவர் யார் என்று பாருங்கள். அதிகம் பேசாதவன், ஊருக்குப் புதிதாக வந்தவள், முன்பு எதற்கோ ஆசிரியரிடம் தண்டனை பெற்றவன். “இவன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது” என்று ஒருவன் தொடங்குவான், நால்வர் சிரிப்பர், வாக்கு விழுந்துவிடும். சீட்டில் அவன் நல்லவனாகவே இருந்திருப்பான். ஆட்டம் முடிந்த பின்னும் ‘திருடன்’ என்ற பெயர் அவனைப் பள்ளிவரை தொடர்வதுண்டு.

இதனை நினைக்குந்தோறும் எனக்குச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காட்சி தோன்றும். அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லனே, சிலம்பு விற்க வந்த கோவலனைக் கள்வன் என்று சுட்டுகிறான். குற்றவாளியே குற்றஞ்சாட்டுவோனாக முந்திக்கொள்ளும் இத்தந்திரத்தை, மேற்சொன்ன ஆட்டங்களில் தேர்ந்தவர் நன்கறிவர். இவன் தோற்றம் கொலைக்குரியவன் தோற்றமன்று என்றனர் காவலர். அவர்கள் கருத்து உண்மையே. ஆயினும் அவர்கள் பிடித்துக்கொண்டதும் தோற்றத்தைத்தானே! ஆதலால், கள்வரின் எண்வகைத் துணைகளை அடுக்கி உரைத்த பொற்கொல்லனின் நாவன்மைக்கு முன் அது நிற்கவில்லை. கல்லாக் களிமகன் ஒருவன் வாளை ஓங்கினான், கோவலன் வீழ்ந்தான். சிலம்பின் உள்ளிருக்கும் பரல் யாது என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கண்ணகி வந்த பிறகே அவ்வினா எழுந்தது. அரசியின் சிலம்பில் முத்து. உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம்.

வினாவை முன்னரே எழுப்பும் முறையைக் கற்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மணிமேகலை அறவண அடிகளிடம் அளவை நூற்பொருள் கேட்டது காஞ்சியில் என்று அக்காப்பியத்தின் 29-ஆம் காதை கூறுகிறது. இம்மலையில் நெருப்பு உண்டு, புகை காணப்படுதலால், அடுக்களையைப் போல. ஒரு துணிவு, அதற்கு ஓர் ஏது, அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஏதுப்போல் தோன்றி ஏதுவாகாதவற்றையும் அடிகள் வகைப்படுத்திக் காட்டுகிறார். ஐயம்பேட்டைக்கு அண்மையிலேயே சொல்லப்பட்டதாகக் காப்பியம் கூறும் அப்பாடத்தைத் திண்ணைக்குக் கொண்டுவருதல் அரிதோ?

ஆகவே ஆட்டத்தை நடத்தும் நடுவரிடமே பொறுப்பு மிகுதியாக உள்ளது எனக் கருதுகிறேன். “உன் ஏது யாது?” என்று கேட்ட பிறகே வாக்கெடுக்க வேண்டும். “அவள் கூறியது ஊடைக்கே பொருந்தும்” என்பது ஏது. “அவள் விழிக்கும் விழி சரியில்லை” என்பது ஏதுவன்று. அதனை நடுவர் ஏற்றல் கூடாது. சாதி, வறுமை, திக்குவாய் முதலியவற்றைச் சுட்டி ஐயுறுவோன் அச்சுற்றில் வாக்கிழக்க வேண்டும். இவ்விதி கடுமையானது என்பார் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சுற்றுதோறும் முதலில் பேசுவோர் மாற வேண்டும். நீக்கப்பட்டவரை மூலையில் உட்காரவிடாமல் அடுத்த சொற்களைத் தேர்வு செய்யும் பணியில் நடுவர் சேர்த்துக்கொள்ளலாம்; பல வேளைகளில் அவர் தேரும் சொற்களே சிறப்பாக அமையும். தம் முகத்தில் எதையும் காட்டாமலிருப்பது நடுவருக்கு எல்லாவற்றினும் கடினம். ஒரு புன்முறுவல் ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

ஆட்டம் முடிந்ததும் சீட்டுகள் அனைத்தையும் பாயின்மேல் விரித்துவைக்க வேண்டும். யார் யாரைத் தவறாக ஐயுற்றார், எந்த ஏதுவால் ஐயுற்றார் என்று அவரவர் கூறச் செய்யலாம். சிறுவர்க்கு மிகுந்த நகைப்பை விளைவிக்கும் பகுதி இதுவே. தவறாக நீக்கப்பட்டவன் தன் சீட்டை எல்லாரும் காண உயர்த்திப் பிடிப்பான். அடுத்த சுற்றுக்கு அவனே நடுவன்.