தத்தன் செய்த காவலும் நம்மவர் சினமும்

கார்த்திகை உத்திரத்தன்று கீழச்சிவல்பட்டியில் மெய்ப்பொருள் நாயனார் குருபூசையை ஒட்டி அன்பர் சிலர் கூடியிருந்தனர். நாயனார் வரலாறு படித்துப் பொருள் கூறி முடிந்தபின், கேட்டிருந்த கற்றார் ஒருவர் எழுந்து, "அரசர் தடுத்தது அவர் பெருமை, தடைப்பட்டு நின்றது ஊரார் சிறுமை. நம்மவர் ஒருவரைக் கொன்றால், கொன்றவனையும் அவன் கூட்டத்தையும் கலங்க அடித்தலன்றோ அன்பின் அடையாளம்? சண்டேசுரர் தந்தையென்றும் பார்த்தாரோ?" என்று வினவினார். கூட்டத்தார் ஆரவாரித்தனர். அவர்க்கு விடை கூற எழுந்த மற்றொருவரோ, "எல்லாம் ஊழ். அழுதலும் அஞ்ஞானம், சினத்தலும் அஞ்ஞானம்" என்று சொல்லி அமர்ந்தார். அதற்கும் பலர் தலையசைத்தனர்.

இவ்விரண்டு கூற்றும் சைவ சித்தாந்தத்தின் பெயராலேயே கூறப்பட்டன. ஆகலின் வாளாவிருத்தல் தகாதென்று இதனை எழுதப் புகுந்தேம். கூறினார் இன்னாரென வெளியிடுதல் எமது கருத்தன்று. கூற்றுக்களை மட்டும் ஆராய்வாம்.

பின்னர்க் கூறியதை முன்னர் எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஊழாயின் கொலைஞன் செய்தது என்னை? அவன் செயல் பழவினையின் விளைவு மட்டுமே என்பார்க்கு ஆகாமியம் என்னும் வினையே இல்லையாய் முடியும். ஆகாமியம் இல்லையேல் சஞ்சிதம் ஏது? பிராரத்தம் ஏது? வினைக்கொள்கையைக் காக்கப் புகுந்தவர் அதன் வேரையே அறுத்தாராவர். மாண்டவர்க்கு அது நுகர்வினையாயினும் ஆகுக. மாய்த்தவனுக்கு அது புதிதாய் ஈட்டிய தீவினையே. எனவே அதனைத் தீதென்று அறிதலும், கண்டு நெஞ்சுருகுதலும் அறிவின்மையாகா.

இன்னும், இருவினையொப்பு என்பது தனக்கு வரும் இன்பதுன்பங்களை ஒப்ப நோக்குதல். அது தன் புண்ணுக்கு இடும் மருந்தேயன்றிப் பிறர் புண்ணைக் கண்டு வாளாவிருத்தற்குச் சொல்லப்பட்ட சாக்கன்று. அயலான் வீட்டிற் பிணம் கிடக்கத் தன் திண்ணையிலிருந்து ஊழை விரித்துரைப்பவன் ஞானியல்லன், நெஞ்சம் வறண்டவன்.

நம் ஊர்க்கு அண்மையிலுள்ள திருப்பத்தூரில் 24-10-1801 அன்று மருது சகோதரர் இருவரையும் கும்பினியார் தூக்கிலிட்டனர். ஊரறியச் செய்த கொடுமை அது. இருநூறு ஆண்டுகள் கழிந்தும் காளையார்கோயிலில் அவர் அடங்கிய இடத்தைக் கண்டு கண்கலங்காதார் இச்சீமையில் உளரோ? அக்கண்ணீரை அஞ்ஞானமென்று துடைத்தெறியத் துணிவார் யார்? ஆகவே துயரம் சைவத்திற்கு மாறன்று என்க.

இனி, முன்னவர் கூற்று. அவர் காட்டிய சான்றையே நோக்குவோம். சண்டேசர் பெருமான் பூசைக்குரிய பாற்குடத்தை இடறியவன் தாளையே, இடறிய அப்பொழுதே எறிந்தார். பூசையின் இடையூற்றை நீக்கியதன்றி வேறு செய்திலர். சேய்ஞலூர்த் தெருவிற் புகுந்து எச்சதத்தனுடைய சுற்றத்தார் வீடுகளைத் தேடினாரல்லர். எறியுண்ட தந்தையும் குற்றம் நீங்கிச் சிவலோகம் எய்தினான் என்று புராணம் கூறும். குற்றம் செய்யாதார்மேற் கல்லெறிந்து, எறிந்த கையால் நீறு பூசுவார்க்கு இவ்வரலாற்றில் இடம் யாண்டையது?

மெய்ப்பொருளார் வரலாறோ இதனினும் தெளிவு. போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு, புத்தகப் பொதியிற் படையை மறைத்துக் கொணர்ந்து, தன்னை வணங்கிய அரசரைக் குத்தினான். தத்தன் வாளோங்கினான். வீழ்கின்ற அரசர் இவர் நம்மவர் எனத் தடுத்து, ஊறின்றி நகர்ப்புறம் உய்க்குமாறு பணித்தார். செய்தி கேட்ட ஊரார் சினந்து சூழ்ந்தனர். சேக்கிழார் பெருமான் அச்சினத்தை மறைத்தாரல்லர், சினந்தாரை இகழ்ந்தாருமல்லர். அவர் காட்டியது ஒன்றே: அரசர் ஆணையைக் கேட்ட அளவில் அம்மக்கள் விலகி வழிவிட்டனர். சினம் வருதல் மக்கள் இயல்பு. வழிவிடுதல் அடியார் இயல்பு. தத்தன் கையில் வாள் இருந்தது. நெஞ்சில் அழலும் இருந்தது. அவன் அவ்வாளைக்கொண்டு பகைவனுக்கே காவல் செய்து, மீண்டு வந்து அரசர்க்கு உரைத்தான். அதனைச் சிறுமையென்பார் சைவர்தாமோ?

"அது பழங்கதை, இக்காலத்திற்கு ஆகாது" என்பாரும் உளர். இக்காலத்துச் செய்தியே கேட்பாராக. 20-1-1948 அன்று தில்லியிற் காந்தியடிகளின் வழிபாட்டுக் கூட்டத்தில் வெடிகுண்டு வெடித்தது. மறுநாள் அவர், குண்டு வைத்த இளைஞனை ஒருவரும் வெறுத்தல் கூடாதென்றார். பத்தாம் நாள், 30-1-1948 அன்று, கைகூப்பி வந்த கோட்சே அவர் மார்பிற் சுட்டான். வணக்கத்திற் கொலையை மறைத்து வந்த முத்தநாதன் செயல் மீண்டும் நிகழ்ந்தது. தத்தனைத்தான் காணோம். பூனா, சாத்தாரா, கோலாப்பூர் முதலிய இடங்களிற் கொலைஞன் பிறந்த வகுப்பினர் என்னும் ஒன்றேபற்றிப் பலர் வீடுகள் தீக்கிரையாயின, உயிர்களும் மாய்ந்தன. கொல்லாமையே உயிராக வாழ்ந்தவர்க்கு இதுவோ செலுத்தத்தகும் கடன்?

1984-இல் இந்திரா காந்தி அம்மையார் தம் காவலர் இருவராற் கொல்லப்பட்டபின், தில்லியில் மட்டும், அரசினர் கணக்கின்படியே, 2,700-க்கு மேற்பட்ட சீக்கியர் மடிந்தனர். இருவர் செய்த பழியை ஏதுமறியாத பல்லாயிரங் குடும்பங்கள் சுமந்தன.

வடநாட்டைக் குறைகூறி நாம் தப்புதல் இயலாது. 21-5-1991 இரவு திருப்பெரும்புதூரில், அடிபணிவாள் போலக் குனிந்தவளால் இராஜீவ் காந்தி மாண்டார். உடனின்றார் பலரும் மாண்டனர். அதன்பின் தமிழ்நாட்டில் அக்கொலைக்குத் தொடர்பில்லாதார் உடைமைகள் பல தாக்கப்பட்டன. அப்பொழுது யாம் இளையேம், காரைக்குடியில் இருந்தேம். பூட்டிய கடையொன்றின்மேற் கல் விழும் ஓசை கேட்டு எம் நெஞ்சு களித்ததை இன்று நாணத்தோடு கூறுகின்றேம். விடியற்காலையில் அக்கடைக்காரர் உடைந்த கண்ணாடியைக் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் நீறு இருந்தது. நிமிர்ந்து எம்மைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கல்லெறிந்தது எம் கையன்று. களித்தது எம் நெஞ்சே.

அக்களிப்பு யாது? ஆன்மா சார்ந்ததன் வண்ணமாதல் நம் சித்தாந்தத்தின் அடிப்படை. கொலைஞனுடைய பகைமையை இடைவிடாது நினைந்து அதனையே சார்ந்து நிற்கும் கூட்டம் அவன் வண்ணமே ஆகின்றது. அவன் ஒருவரைக் கொன்றான். பின்பு தன்னைப்போல்வார் ஆயிரவரைப் பிறப்பித்தான். அவன் வெற்றி முதற்செயலில் அன்று, இரண்டாவதில்.

அற்றேல் கொலைஞனை ஒறுத்தல் வேண்டாவோ எனின், வேண்டும். மருத்துவன் அறுத்தும் சுட்டும் பிணி தீர்த்தல்போல இறைவன் ஒறுத்தல் மறக்கருணை எனப்படும். உலகில் ஒறுத்தல் முறைமன்றத்தின் கடன். கோட்சேயை மன்றம் வழக்காராய்ந்து தீர்ப்பளித்தது. 15-11-1949 அன்று அவன் தூக்கிலிடப்பட்டான். அவனுயிரைக் காக்குமாறு வேண்டினாருள் காந்தியடிகளின் மைந்தர் மணிலாலும் இராமதாசும் இருந்தனர். 1991-ஆம் ஆண்டுக் கொலைவழக்கிலும், தூக்குத் தண்டனை பெற்ற பெண்ணொருத்திக்கு இரங்குமாறு கணவரை இழந்த சோனியா காந்தி அம்மையார் வேண்டினார். 2000-இல் அத்தண்டனை ஆயுட்சிறையாகக் குறைக்கப்பட்டது. 2008-இல் மகளார் பிரியங்கா வேலூர்ச் சிறைக்கே சென்று அப்பெண்ணைக் கண்டார். இழந்தவர் இரங்குகின்றார், இழவாதார் எரிக்கின்றார். இதனை அன்பென்று எங்ஙனம் கொள்வது?

சிவநேயச் செல்வர்காள்! இத்தகைய செய்தி இனியும் நம் செவிக்கு வரக்கூடும்; வாராதிருக்க இறைவனை வேண்டுவோம். வருமாயின் அழுவோம், அழுதல் நம் கடன். இழந்தார் வீட்டிற்குச் செல்வோம். முறைமன்றம் முறைசெய்யுமாறு வற்புறுத்துவோம். அன்றிரவே நம் தெருவிற் கொலைஞன் வகுப்பினர் என்று சுட்டப்படுவார் ஒருவர் இருப்பின், அவர் வாயிலில் நம்முள் இருவரேனும் சென்று நிற்போமாக. ஆண்டுதோறும் குருபூசை செய்து வரலாறு கேட்டுக் கலைதல் எளிது. தத்தனாக நிற்பதே மெய்ப்பொருளார்க்குச் செய்யும் பூசை.

திருச்சிற்றம்பலம்.