கட்டணம் ஒளிந்திருக்கும் மொழி

கடன் வாங்குமுன் வட்டி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். ஆனால் ஜோகுபாளையத்தில் வீட்டில் பேசுவது தமிழ், கடைத்தெருவில் கன்னடம். கையெழுத்திடும் தாளோ ஆங்கிலம். கட்டணம் ஒளிந்துகொள்ள அந்த இடைவெளி போதும்.

'பிராசஸிங் ஃபீ' என்ற தொடரையே பாருங்கள். செயலுக்குப் பெயர் உண்டு. பணம் தருபவர் யார் என்பது அதில் இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு அது 2 விழுக்காடு என்றால் 2,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 360. கைக்கு வருவது 97,640. வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடும்.

2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர் தவணைக் கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' தந்தாக வேண்டும். அதுவும் கடன் பெறுபவருக்குப் புரியும் மொழியில். கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். விளம்பர வட்டியை விட்டு அந்த எண்ணை ஒப்பிடுங்கள். அதில் குறிப்பிடாத கட்டணத்தைப் பின்னர் நம் வெளிப்படையான ஒப்புதலின்றி வாங்க இயலாது.

மொழியுரிமை பேசும் நாம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுகிறோம். இந்தத் தாளைத் தமிழில் கேட்பவர் அரிது. படித்துப் பார்க்கக் குறைந்தது மூன்று வேலைநாள் அவகாசமும் உண்டு. 'இன்றே கையெழுத்திடுங்கள்' என்று அவசரப்படுத்தும் முகவரிடம் அதைச் சொல்லலாம்.