வள்ளல் பட்டம் போதுமா?

இறந்தவரைப் புகழ்வதில் நம்மவர்க்கு ஈடாவார் ஒருவரும் இலர். உயிரோடிருந்த காலத்தில் ஒருவர் சொன்னதைக் காதில் வாங்காதவர்கள், அவர் மறைந்தபின் படம் திறப்பர், மாலை சூட்டுவர், "வள்ளல்" என்றொரு பட்டமும் அளித்துவிட்டு வீடு திரும்புவர். அத்துடன் தங்கள் கடன் தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். நன்றியின் பெயரால் நடைபெறும் இச்சோம்பலைக் கண்டிப்பது நம் கடமையாகின்றது.

ஈப்போ வழக்கறிஞர் டி. ஆர். சீனிவாசகத்தையே எடுத்துக்கொள்வோம். 1921-இல் பிறந்த அவர் இங்கிலாந்தில் சட்டம் பயின்று ஈப்போவுக்குத் திரும்பினார். ஏழை எளியவர்கள் தங்கள் வழக்கையும் வருத்தத்தையும் தயக்கமின்றிக் கொண்டு செல்லக்கூடிய இடமாக அவரும் அவர் சகோதரர் எஸ். பி. சீனிவாசகமும் விளங்கினர். வறியவரிடம் கூலி கேளாத வக்கீல் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. 1969 மார்ச்சில், ஐம்பது வயதை எட்டுமுன்னரே, டி. ஆர். சீனிவாசகம் காலமானார். ஈப்போவில் ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவரைப் பற்றி நம்மவர் அறிந்தது இவ்வளவே. காசு வாங்காதவர் என்பதோடு கதை முடிந்துவிடுகின்றது. அவர் செய்தது வெறும் தருமமானால், சத்திரம் கட்டியவருக்கும் அவருக்கும் என்ன வேற்றுமை?

1953-இல் சகோதரர் இருவரும் பேராக் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தனர். நாடு விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டிலேயே, ஆளும் கூட்டணியை எதிர்த்து, இடைத்தேர்தலில் டி. ஆர். சீனிவாசகம் வெற்றி பெற்றார். அத்தொகுதி மக்களிற் பெரும்பாலோர் சீனர். தமிழரான ஒரு வக்கீலைச் சீனப் பாட்டாளி மக்கள் தங்கள் வாயாகத் தேர்ந்தெடுத்தனர் என்றால், அவர் சாதி பார்த்தும் இனம் பார்த்தும் கதவு திறந்தவரல்லர் என்பது விளங்கும். அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது அவர் நாடாளுமன்றத்தில் ஊழற் குற்றம் சாட்டினார். வெளியில் வந்து சொல்லத் துணிவுண்டா என்ற அறைகூவல் எழுந்தது. அவர் வெளியிலும் சொன்னார். அமைச்சர் மானநஷ்ட வழக்குத் தொடுத்துத் தோற்றார். 1965-இல் பதவியையும் விட்டு விலகினார். சட்டத்தின் முன் அமைச்சரும் கூலியாளும் ஒன்றே என்று நாட்டுக்கு மெய்ப்பித்துக் காட்டிய செயலை நம்மவர் மறந்தனர். வாங்காது விட்ட காசை மட்டும் நினைவில் வைத்தனர்!

இதனால் விளைந்த கேட்டை ஜாசின் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில் கண்கூடாகக் காணலாம். வள்ளல் வருவார் என்று காத்திருக்கும் மனத்திற்குச் சட்டம் யாரோ பெரியவர் கொடுக்கும் பிச்சையாகத் தோன்றுகின்றது. ஒரு தொழிலாளி நியாயமின்றி வேலையினின்று நீக்கப்படுகின்றான். 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டப்படி, அவன் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அதற்கு வக்கீலும் வேண்டா, கூலியும் வேண்டா. நம்மவன் செய்வதென்ன? முதலில் கோயில் தலைவரைப் பார்க்கிறான். பிறகு கட்சிக்காரரைப் பார்க்கிறான். "பேசிப் பார்க்கலாம், பொறு" என்ற சொல்லை நம்பிப் பொறுத்திருக்கிறான். அறுபத்தோராம் நாள் விடிகின்றது. உரிமை போயிற்று!

தோட்டம் கைமாறியோ மூடப்பட்டோ வேலை போகும்போதும் இதே கதைதான். ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவனுக்கு ஆண்டொன்றுக்கு 20 நாட் சம்பளம் என்ற கணக்கில் ஈட்டுத்தொகை தரவேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு விதி. இருபதாண்டு பால் மரம் சீவியவனுக்கு 400 நாட் சம்பளம் வரவேண்டும். இக்கணக்கை அறியாதவன் கையில் ஒரு சிறு தொகையைத் திணித்துக் கையொப்பம் வாங்கினால், அவன் கும்பிட்டுப் பெற்றுக்கொள்வான். கொடுத்தவரையும் வள்ளல் என்பான்!

குடும்ப வாழ்விலோ கேடு இதனினும் பெரிது. முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் சட்டப்படி பதியப்படவேண்டும் என்பது 1982 மார்ச் முதல் நடைமுறை. கோயிலில் தாலி கட்டி, ஐயருக்குத் தட்சிணை கொடுத்து, ஊருக்கு விருந்தும் வைப்பவர்கள், பதிவு அலுவலகத்தை மறந்துவிடுகின்றனர். தந்தை இந்நாட்டுக் குடிமகன், தாய் அயல்நாட்டவள், திருமணமோ பதியப்படவில்லை என்றால், பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை சேர்வதில்லை. அப்பிள்ளை பள்ளி வாசலிலிருந்து மருத்துவமனை வரை ஒவ்வொரு படியிலும் தடுக்கப்படுகின்றது. நல்ல நேரம் பார்த்த பெரியோர்களே, அக்குழந்தையின் கெட்ட நேரத்திற்குப் பொறுப்பாவார் யார்? உயில் எழுதாது இறந்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் வேற்றுமை இல்லை என்று 1958-ஆம் ஆண்டின் சொத்துப் பங்கீட்டுச் சட்டம் சொல்கின்றது. ஆயினும், "கட்டிக் கொடுத்தாயிற்றே" என்ற ஒரே சொல்லால் மகளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் ஒழிந்ததா?

"கோர்ட்டுப் படி ஏறுவது குடும்ப மானத்திற்கு இழுக்கு" என்பர் சிலர். உரிமையை இழந்து ஊமையாயிருப்பது மானமோ? "தோட்டத் தமிழன் இயல்பிலேயே அடங்கியவன்; அவனுக்கு இவையெல்லாம் ஆகா" என்பர் வேறு சிலர். இது முழுப் பொய். ஜாசின் வட்டாரத்தைச் சேர்ந்த புக்கிட் ஆசஹான் தோட்டத் தொழிலாளர், 1967-இல் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கிக் கால்நடையாகவே புறப்பட்டவர்கள். அம்மக்களின் வழியில் வந்தவர்க்குத் துணிவு இல்லை என்று எவன் கூறுவான்? அவர்களுக்கு வேண்டுவது அறிவும் தக்க காலத்தில் கிடைக்கும் துணையுமே.

"சீனிவாசகம் போன்றார் இன்று எங்கே?" என்று பெருமூச்சு விடுவோரை நாம் ஒன்று கேட்கின்றோம். அவர் மறைந்த அடுத்த ஆண்டாகிய 1970-இலேயே அரசாங்கம் சட்ட உதவி அலுவலகத்தைத் தொடங்கிற்று. 1971-இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. ஒரு மனிதரின் நெஞ்சிரக்கத்தை நம்பியிருந்த வேலை, நாட்டின் கடமையாக ஏற்கப்பட்டது. அவ்வலுவலகத்தின் வாசலை மிதித்த நம்மவர் எத்தனை பேர்? வள்ளலைத் தேடிப் பத்து மைல் போவான். உரிமையைத் தேடி ஒரு மைல் போகமாட்டான். இவ்விழிவு நீங்கவேண்டாவா?

கற்றவர்களும் தப்ப முடியாது. தோட்டத்து லயத்தில் பிறந்து, தாய் சீவிய பால் மரத்தின் ஊதியத்தில் படித்து, கறுப்பு அங்கி அணிந்தபின், பிறந்த தோட்டத்தின் திசையையும் திரும்பிப் பாராதார் உளர். வக்கீல் மாப்பிள்ளைக்கு என்ன விலை என்று பேரம் பேசும் பெற்றோரும் உளர். இலவசமாக எல்லா வழக்கையும் நடத்துக என்று நாம் கேட்கவில்லை. வக்கீலுக்கும் வயிறு உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிறு தோட்டத்துக்கு வந்து, ஒரு மேசை போட்டு, திருமணம் பதிந்ததா, பிறப்புப் பத்திரம் உண்டா, சேமநிதியில் வாரிசுப் பெயர் குறிக்கப்பட்டதா, வேலை போனவனுக்கு நாள் கடந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்ல அவர்களால் இயலாதா? திருவிழாவுக்கு மேடை போடும் கோயில் கமிட்டி, அம்மேசைக்கு இடம் தரலாகாதா?

சீனிவாசகத்தின் நினைவைப் போற்ற விரும்புவோர் அவர் படத்துக்கு மாலை சூட்ட வேண்டா. அம்மாலையின் விலையில் நான்கு பேரைப் பதிவு அலுவலகத்துக்குப் பஸ் ஏற்றி அனுப்புக. வேலை இழந்தவனை அறுபது நாளுக்குள் முறையிடச் செய்க. மகளின் பங்கை மகளுக்குக் கொடுக்க. வள்ளல்கள் தேவைப்படாத ஒரு சமூகத்தை ஆக்குவதே, அவ்வழக்கறிஞர்க்கு நாம் செலுத்தவேண்டிய கூலியாகும். அதனை அவர் வாங்க மறுக்கமாட்டார்.